ஒற்றைத் திரை – 7: குமிழிக்குள் அகப்பட்ட பூதம்

திரை நகராத விளையாட்டில் ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. மேடைகள், பூதங்கள், பழங்கள், நாம் விழப்போகும் பள்ளம் எல்லாம் முதல் நொடியிலேயே கண்முன் நிற்கும். அந்தச் சின்னச் சதுரத்துக்குள் எவ்வளவு ஆழம் போகலாம் என்று காட்டியது, 1986-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'பபிள் பாபிள்'. பங்சாரிலிருந்து மினி பஸ் ஏறி, புக்கிட் பிந்தாங்கில் சுங்கை வாங் பிளாசாவுக்குப் போய் டோக்கன் மாற்றிய தலைமுறைக்கு அந்தப் பச்சை, நீல டிராகன் குட்டிகளை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இளையவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

கதை சுருக்கமானது. பப், பாப் இருவரும் சகோதரர்கள். தீயவன் ஒருவன் அவர்களை டிராகன்களாக மாற்றிவிட்டு, காதலிகளைத் தூக்கிப் போய்விடுகிறான். நூறு அடுக்குக் குகைக்குள் இறங்கி அவர்களை மீட்க வேண்டும்.

ஆட்டத்தின் உயிர் குமிழியில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் டிராகன் குமிழி ஊதும். பூதம் அதற்குள் அகப்படும், ஆனால் சாகாது. அருகில் போய் நாமே உடைத்தால்தான் சாகும். தாமதித்தால் அது குமிழியைக் கிழித்துக்கொண்டு சிவந்த முகத்தோடு இரட்டை வேகத்தில் பாயும். அடைப்பது ஒரு வேலை, உடைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில நொடிகளில்தான் ஆட்டக்காரரின் திறமை தெரியும். ஒன்றை உடைத்தால் 1,000 புள்ளி. இரண்டைச் சேர்த்து உடைத்தால் 2,000, மூன்றுக்கு 4,000. இப்படியே இரட்டித்துக்கொண்டு போய், ஏழைச் சேர்த்து உடைத்தால் 64,000. ஆகவே தேர்ந்தவர்கள் அவசரப்படமாட்டார்கள். எல்லாப் பூதங்களையும் அடைத்து, குமிழிகள் மிதந்து ஓரிடத்தில் திரளும்வரை காத்திருந்து, தீபாவளிச் சரவெடிபோல ஒரே மூச்சில் வெடிக்க வைப்பார்கள்.

அந்தத் திரட்சியும் தற்செயல் இல்லை. ஒவ்வொரு அடுக்கிலும் கண்ணுக்குத் தெரியாத காற்றோட்டம் வரையப்பட்டிருக்கிறது. குமிழி எங்கே ஒதுங்கும் என்று தெரிந்துகொண்டவருக்கு அந்த அடுக்கு பாதி முடிந்த மாதிரி. குமிழியே படிக்கட்டும் ஆகும்: குதிக்கும் பொத்தானை அழுத்தியபடி அதன்மேல் கால் வைத்தால், எட்டாத மேடைக்கு ஏறிவிடலாம். சில குமிழிகள் தண்ணீர் சுமந்து வரும். உடைத்தால் வெள்ளம் மேடை மேடையாக வழிந்து, எதிர்ப்பட்ட பூதங்களை அடித்துச் செல்லும், நம்மையும் இழுத்துக்கொண்டு. தீக்குமிழி தரையில் பரவும். மின்னல் குமிழியோ நாம் பார்க்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பாயும். ஆகவே பூதத்துக்கு முதுகைக் காட்டி நின்று அடிக்க வேண்டும். இது புரியாமல் போன உயிர்களுக்குக் கணக்கில்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டால் 'சீக்கிரம்' என்று எச்சரிக்கை வரும், இசை வேகமெடுக்கும். அதற்கும் அசையாதவரைத் தேடி எலும்புத் திமிங்கலம் ஒன்று வரும். அதை எந்தக் குமிழியாலும் அடைக்க முடியாது. காத்திருந்து சரவெடி வைக்கும் ஆசைக்கு இதுதான் கடிவாளம். இந்த இழுபறிதான் ஆட்டத்தின் மிகச் சிறந்த அம்சம் என்பது என் முடிவு. பின்னால் தோப்ளான் நிறுவனம் 1990-ல் கொண்டுவந்த 'ஸ்னோ பிரதர்ஸ்' பனியுருண்டையை உருட்டி விடுவதில் பெரிய சந்தோஷம் தந்தது. ஆனால் பனியுருண்டை, குமிழியைப் போல இத்தனை வேலை பார்க்கவில்லை.

வெளியே தெரியாத கணக்குகளும் ஓடுகின்றன. எத்தனை முறை குதித்தோம், எத்தனை குமிழி ஊதினோம், எத்தனை உடைத்தோம் என்றெல்லாம் இயந்திரம் எண்ணிக்கொண்டே இருக்கும். மிட்டாயும் காலணியும் குடையும் அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் விழும். குடை கிடைத்தால் பல அடுக்குகள் ஒரே தாவலில் கழியும். ஓர் உயிரும் இழக்காமல் இருபதாவது அடுக்கை எட்டினால் ரகசிய அறைக்குக் கதவு திறக்கும். கடைகளில் இவையெல்லாம் வாய்வழியாகவே பரவின, பாதி உண்மையும் பாதி கட்டுக்கதையுமாக.

இதை வடிவமைத்தவர் ஃபுகியோ மிட்சுஜி. 2008-ல் காலமானார். ஆண்பிள்ளைகள் மட்டுமே நிறைந்திருந்த விளையாட்டுக் கடைகளுக்குப் பெண்களும் ஜோடிகளும் வரவேண்டும் என்று விரும்பி, இருவர் சேர்ந்து ஆடும்படி அமைத்தார். ஒருவர் அடைக்க மற்றவர் உடைக்கலாம். "நீ மேல போ, நா கீழ பாத்துக்கிறேன்" என்று பேசிக்கொண்டே ஆடவேண்டிய ஆட்டம் இது. புள்ளியில் மட்டும் இருவரும் போட்டியாளர்கள். பழத்தை யார் முந்தி எடுப்பது என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தே தீரும்.

தனியாகவே ஆடி நூறாவது அடுக்கின் பெரும் பூதத்தை வீழ்த்தியவருக்கு, இது உண்மையான முடிவல்ல, நண்பரோடு வா என்று திரையில் செய்தி வரும். இருவராக முடித்தால்தான் சகோதரர்கள் மனித உருவம் பெற்றுக் காதலிகளோடு சேர்வார்கள். இரண்டாமவர் எந்த அடுக்கிலும் காசு போட்டு நுழையலாம் என்பதால், தொண்ணூறைத் தாண்டியவர் கையில் இன்னொரு டோக்கன் இருந்தால் போதும். பக்கத்தில் வேடிக்கை பார்த்து நிற்பவர் தமிழரோ, சீனரோ, மலாய்க்காரரோ, அவரிடம் கொடுத்து நீலக் குட்டியை ஆடச் சொல்லலாம்.

(தொடரும்)