கெட்டவனைப் பிடிக்கிறதே, ஏன்?

"நல்லவங்க கதை எத்தனையோ இருக்க, இந்தக் கொள்ளைக்காரனைத்தான் பிடிச்சிருக்குங்கிறானே! இது எங்கே போய் முடியுமோ?"

படக்கதைப் புத்தகம் நுழைந்த வீடுகளில் தாய்மார்கள் இப்படி அங்கலாய்ப்பது வழக்கம். குழந்தையின் கையிலிருப்பதைப் பிடுங்கிப் பரண் மேல் போடுவதற்கு முன்னால், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்ப்போமா?

அபிராமம், கமுதிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு இந்தக் கதைகள் அந்நியமல்ல. 1985-இல் மாவட்டம் பிரியும் வரை சிவகாசியும் நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஊர்தானே! அங்கிருந்துதான் 1972-இல் முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யோடு புறப்பட்டது. 1984-இல் வந்த லயன் காமிக்ஸ் 'ஸ்பைடர்' என்ற எத்தனைத் தமிழ்ப் பிள்ளைகளிடம் கொண்டு வந்து சேர்த்தது. இருவரும் பிறந்தது இங்கிலாந்தில். மாயாவி 1962-இல், ஸ்பைடர் 1965-இல். பேசிப் பழகியதோ நம் வீட்டுத் தமிழில்!

ஊருக்குள்ளே ஒரு மாயம்

பாட்டி சொன்ன கதையில் அரக்கன் ஏழு கடல் தாண்டி இருப்பான். இந்தக் கதைகளில் மாயம் பட்டணத்து நடுவிலேயே நடக்கிறது. பாங்க்கு, போலீஸ் ஜீப்பு, மின்சாரக் கம்பி எல்லாம் நாம் தினமும் பார்ப்பவைதாம். அதனால், 'நம்ம தெருவிலும் நடக்குமோ!' என்று பிள்ளைக்குச் சிலிர்க்கிறது.

ஸ்பைடருக்கு ஒரே ஆசை, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்ரவர்த்தியாக வேண்டும். வலை வீசும் துப்பாக்கி, பறக்கும் ஹெலிகார், வாய் நிறைய வீறாப்பு! பிறகு அவனே மனம் மாறி மற்ற கயவர்களை எதிர்க்கிறான். பொய்த் தோற்றங்களைக் காட்டி ஊரை ஏமாற்றும் 'கண்ணாடி மனிதன்' போன்ற எதிரிகள் அவனுக்கு வாய்த்தார்கள். 'சூப்பர்மேன்' பாத்திரத்தைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல், ஸ்பைடர் கதைகள் பலவற்றை எழுதியவர்.

காலையிலிருந்து இரவு வரை "ஓடாதே, தொடாதே, கத்தாதே" என்று கேட்டே வளரும் குழந்தைக்கு, யார் சொல்லையும் கேட்காத ஒருவனைப் படத்தில் பார்ப்பதே ஒரு குஷி. அதனால் மட்டும் அவன் திருடனாகிவிட மாட்டான், பயப்படாதீர்கள். கெட்டவனின் திமிரைப் புத்தகத்துக்குள் பார்த்துச் சிரித்துவிட்டு, மூடி வைத்துவிடுகிறான்.

கூட நிற்பவர்கள்

நாம் கவனிக்க வேண்டியது ஸ்பைடரின் இரண்டு கூட்டாளிகளை. ஆர்டினி, பெட்டகம் உடைப்பதில் கெட்டிக்காரன். பெல்ஹாம், படித்த விஞ்ஞானி. இத்தனை திறமை இருந்தும், இன்னொருவன் சொன்னதைச் செய்து கொண்டு நிற்கிறார்கள்!

நம் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் தலைவனாக இருப்பதைவிடக் கூட நிற்பவர்களாக இருப்பதே அதிகம். "பென்சிலை எடுத்து ஒளிச்சு வை, யார்கிட்டேயும் சொல்லாதே" என்று கூட்டாளி சொன்னால் என்ன செய்வார்கள்? இதை நேராகக் கேட்டால் பதில் வராது. "நீ ஆர்டினியா இருந்தா, ஸ்பைடர் சொன்னதைச் செய்வியாடா?" என்று கேட்டுப் பாருங்கள். "மாட்டேம்மா" என்பான்; அல்லது "பயமா இருக்குமே" என்பான். இரண்டுமே நல்ல பதில்தான். பயத்தை வாய்விட்டுச் சொன்ன குழந்தையிடம், "அப்போ அம்மாகிட்டே வந்து சொல்லு" என்று சொல்ல நமக்கு ஒரு வழி கிடைக்கிறதல்லவா?

ஒன்றை மட்டும் கண்டிப்பாக

இரும்புக்கை மாயாவி, உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்து போவான். இரும்புக் கை மட்டுமே தெரியும். இதைச் சிறு குழந்தை படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, "இது கதை. நிஜத்தில் கரண்ட் உயிரையே எடுத்துவிடும்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். எட்டும் உயரத்திலுள்ள பிளக் துவாரங்களுக்கு மூடி போடுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி வீட்டில் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். யாரையாவது மின்சாரம் தாக்கினால், முதலில் மெயினை அணைக்க வேண்டும். அதுவரை அவரைத் தொடக்கூடாது.

இரவில் திடுக்கிட்டு விழிக்கும் குழந்தைக்குப் படுக்கப் போகும் நேரத்தில் இந்தப் புத்தகம் வேண்டாம். மாலை வெளிச்சத்தில் படிக்கட்டும்.

சிவகாசியிலிருந்து தமிழ்ப் படக்கதைகள் இன்றும் வந்து கொண்டுதான் இருக்கின்றன. தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகூட, "அடுத்து என்ன?" என்ற ஆவலில் பக்கத்தைப் புரட்டும். அடுப்படியில் நிற்கும்போது ஓடி வந்து கதை சொன்னால், "போடா, வேலை இருக்கு" என்று விரட்டாமல் "அப்புறம் என்னாச்சு?" என்று கேளுங்கள். ஒரு தோசை கருகினால் போகிறது!