‘டு’வுக்குப் பின்னே என்ன?

தாய்நாட்டின் மற்றொரு மூலையில் வந்து பயிலும் நமக்கு வகுப்பிலே ஆங்கிலம். விடுதி அறையிலே தமிழ். முன்னதில் நேரும் பிழையைப் பின்னது திருத்தும் என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? என் அனுபவம் அதுதான்.

சென்ற ஆண்டு, கோடை விடுமுறையில் ஆய்வுப் பயிற்சி வேண்டிப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதினேன். ‘ஐ லுக் ஃபார்வர்டு டு மீட் யூ’ என்று முடித்திருந்தேன். அனுப்புமுன் படித்த அறைத்தோழர், “மீட் அன்று ஐயா, மீட்டிங்!” என்றார். “‘டு’வுக்குப் பின் ‘இங்’ வருமா?” என்று வாதாடினேன். வாதில் தோற்றேன், கடிதம் பிழைத்தது.

காரணம் எளிது. ‘வாண்ட் டு மீட்’ என்பதில் ‘டு’ பின்வரும் வினையைச் சார்ந்தது. ‘லுக் ஃபார்வர்டு டு’ என்பதிலோ அது முன்னுள்ள சொற்களோடு ஒட்டிய முன்னிடைச்சொல். அதன்பின் பெயரே வரவேண்டும். வினையை வைப்பதானால் ‘இங்’ சேர்த்துத் தொழிற்பெயராக்கியே வைக்கவேண்டும்.

நம் தமிழைக் கேளுங்கள். ‘சந்திக்க விரும்புகிறேன்’ என்கிறோம்; இது வினையெச்சம். ‘சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்று யாரேனும் சொல்வரோ? ‘சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்றே சொல்வோம். ‘சந்திப்பது’ தொழிற்பெயர். ‘மீட்டிங்’ என்பதும் அதுவே!

எல்லாத் தொடர்களுக்கும் தமிழ் இவ்வாறு கைகொடுக்காது. ஆகவே மற்றொரு சோதனையும் அறிக. ‘டு’வுக்குப் பின் ‘இட்’ என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். ‘லுக் ஃபார்வர்டு டு இட்’ பொருந்துகிறது. ‘வாண்ட் டு இட்’ பொருந்தவில்லை. பொருந்தும் இடத்தில் ‘இங்’ வரும். ‘அப்ஜெக்ட் டு’ என்பதும் அவ்வகையே.

விடுதி உணவும் இதை விளக்கும். ‘ஐ யூஸ்டு டு ஈட் இட்லி’ என்றால், முன்பெல்லாம் இட்லி உண்பது வழக்கம், இன்று இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு ஈட்டிங் சப்பாத்தி’ என்றால், சப்பாத்தி பழகிவிட்டது. ஒரு ‘ஆம்’, ஓர் ‘இங்’. பொருளோ வடக்கும் தெற்கும்!

இன்னொன்று: ‘லுக் ஃபார்வர்டு டு’ மகிழ்ச்சியோடு எதிர்நோக்குதலையே குறிக்கும். தேர்வில் தோல்வியை எதிர்பார்ப்பவர் ‘எக்ஸ்பெக்ட்’ என்பதோடு நிற்க.

நண்பர்களே, வேலைக்கும் உதவித்தொகைக்கும் நாம் எழுதும் கடிதங்களில் இத்தொடர் பெரும்பாலும் கடைசி வரியில் நிற்கிறது. படிப்பவர் மனத்தில் தங்குவதும் அவ்வரிதான். அதைப் பிழையற எழுதுவோம்.