தலையில்லாத அக்காமார்

போன மாதம் மகளைப் பல் வைத்தியரிடம் காட்டிவிட்டு பஸ்ஸுக்காகக் காத்து நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு படத்தின் சுவரொட்டி வரிசையாக ஆறேழு ஒட்டப்பட்டிருந்தது. நடுவில் கதாநாயகன், கையில் துப்பாக்கி. அவனுக்கு முன்னால் ஒரு பெண்ணின் முதுகும் இடுப்பும் மட்டும். தோளுக்கு மேலே கடதாசி முடிந்துவிட்டது.

"இந்த அக்காட தலை எங்கம்மா?" என்று கேட்டாள் மகள்.

கிழிந்து போயிருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் விடவில்லை. "எல்லாத்திலயுமா கிழிஞ்சிருக்கு?" என்றாள். ஏழு வயது. பதில் சொல்வதற்குள் பஸ் வந்து என்னைக் காப்பாற்றியது.

ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இதே கேள்வியை 2016 இல் அமெரிக்காவில் மார்சியா பெல்ஸ்கி என்ற நகைச்சுவைக் கலைஞர் உரத்துக் கேட்டிருக்கிறார். ஹொலிவுட் சுவரொட்டிகளில் பெண்ணின் தலை வெட்டுப்பட்டு, கால், இடுப்பு, மார்பு மட்டும் காட்டப்படும் படங்களை ஒவ்வொன்றாகத் திரட்டி இணையத்தில் வெளியிட்டார். முகத்தைக் கண்டால் 'இவள் யார்' என்று மனம் கேட்கும். உடலின் ஒரு துண்டை மட்டும் கண்டால் அந்தக் கேள்வி எழுவதில்லை. அதுதான் விடயம்.

சுவரொட்டி என்பது சில விநாடிகளில் முடிகிற பேச்சு. ஓடுகிற பஸ்ஸில் இருந்து பார்ப்பவருக்கும் அது புரிய வேண்டும். இன்று ஹொலிவுட்டில் வழக்கமான அளவு 27 அங்குல அகலம், 40 அங்குல உயரம். அதற்குள் இது சண்டைப் படமா, பேய்ப் படமா, காதல் கதையா என்று சொல்லிவிட வேண்டும். செம்மஞ்சளையும் நீலத்தையும் எதிரெதிரே வைப்பார்கள். மனிதத் தோலின் நிறம் செம்மஞ்சளை ஒட்டியது என்பதால் நீலப் பின்னணியில் முகம் பளிச்சென்று எழுந்து நிற்கும். காதல் நகைச்சுவை என்றால் வெள்ளைப் பின்னணி, சிவப்பு எழுத்து, முதுகோடு முதுகு சாய்ந்த ஒரு ஜோடி.

அப்படிச் சாய்ந்து நின்ற ஜோடிகளில் பிரபலமானது 1990 இல் வெளிவந்த 'பிரிட்டி வுமன்'. ஜூலியா ரொபர்ட்ஸ், ரிச்சர்ட் கியரின் கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்தபடி நிற்பார். அந்தச் சுவரொட்டியில் முகம்தான் ஜூலியாவினுடையது. உடல் வேறொரு பெண்ணினுடையது! உலகமே அழகி என்று கொண்டாடிய நடிகையின் உடல்கூட அந்த விளம்பரக்காரருக்குப் போதவில்லை. படத்தில் நரைத்திருந்த கியரின் தலைமுடிக்கும் சுவரொட்டியில் கருமை ஏற்றிவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆணுக்கு முடியின் நிறத்தோடு விட்டுவிட்டார்கள்.

1977 இன் 'ஸ்டார் வோர்ஸ்' இன்னொரு வகை. படத்தில் லேயா இளவரசி கழுத்து மூடிய, பாதம் வரை நீண்ட வெள்ளை ஆடையில் வருவாள். துப்பாக்கி பிடிப்பாள், ஆண்களுக்கே கட்டளை போடுவாள். டொம் ஜுங் வரைந்த முதல் சுவரொட்டியிலோ அவளது கழுத்துப் பகுதி திறந்திருக்கிறது, ஆடை விலகிக் கால் தெரிகிறது. படத்தில் இல்லாத ஒன்றைக் காட்டித்தான் சீட்டு விற்றிருக்கிறார்கள்.

சினிமா பிறந்த காலத்தில் இப்படி இருக்கவில்லை. லூமியர் சகோதரர்கள் 1895 டிசம்பரில் பாரிஸில் காட்டிய குறும்படங்களில் ஒன்று, தோட்டக்காரன் மீது தண்ணீர் பீச்சியடிக்கும் குறும்பு. ஒரு தனிப் படத்துக்கென்று வரையப்பட்ட முதல் சுவரொட்டி அதற்குரியது என்பார்கள். அதில் திரை ஒரு பக்கத்தில் இருக்கிறது. நம் கண்ணில் படுவது அதன் முன்னால் அமர்ந்து விழுந்து விழுந்து சிரிக்கும் ஆண், பெண், பிள்ளைகள். 'வாருங்கள், நீங்களும் இப்படிச் சிரிக்கலாம்' என்ற அழைப்பு அது. எனக்கு மிகவும் பிடித்த சுவரொட்டி அதுதான்.

யாரைப் பெரிதாகப் போடுவது, யாரைச் சிறிதாக்குவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2013 இல் வெளிவந்த '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' ஓர் அடிமையாக்கப்பட்ட கறுப்பின மனிதரின் உண்மைக் கதை. இத்தாலியில் அதற்கு அடிக்கப்பட்ட சுவரொட்டி ஒன்றில், சில நிமிடங்களே வந்துபோகும் வெள்ளையின நடிகர் பிராட் பிட்டின் முகம் பிரமாண்டமாக இருந்தது. கதையின் நாயகன் சிவெட்டெல் எஜியோபோர் ஒரு மூலையில் சிறு உருவமாக. கண்டனம் எழுந்ததும் மீளப்பெற்றார்கள். நிறவெறிக் கொடுமையைச் சொல்ல வந்த படத்துக்கே இந்தக் கதி.

நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் தமிழ்ப் படங்களுக்கு வருவோம். அங்கே நாயகனின் கையில் எதைக் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். அரிவாள், துப்பாக்கி, இல்லாவிட்டால் சிகரட். 2002 இல் ரஜினிகாந்தின் 'பாபா' வந்தபோது அவர் புகைக்கும் காட்சிகளுக்கும் படங்களுக்கும் எதிராகத் தமிழ்நாட்டில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. 2018 இல் விஜய் புகைத்தபடி இருக்கும் 'சர்கார்' படத்தின் முதல் சுவரொட்டிக்கு அங்குள்ள பொதுச் சுகாதாரத் துறை அறிவித்தல் அனுப்ப, தயாரிப்புத் தரப்பினர் சமூக வலைத்தளங்களில் இருந்து அதை நீக்கினார்கள். நம் நாட்டிலும் 2006 ஆம் ஆண்டின் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்கிறது. சிகரட் கம்பனிக்கு மூடிய கதவை அபிமான நடிகர் திறந்துவிடலாமா? தலையில்லாத பெண்ணைக் கண்டு அறிவித்தல் அனுப்ப மட்டும் எந்தத் துறையும் இல்லை.

பெண்ணை வைத்தால் இப்படித்தான் வைக்க முடியும் என்றும் இல்லை சகோதரிகளே. மெஹ்பூப் கான் 1957 இல் எடுத்த 'மதர் இந்தியா'வின் சுவரொட்டியை நினைத்துப் பாருங்கள். தோளில் கலப்பையின் பாரம், முகம் முழுவதும் வலி, முன்னால் மண். நர்கிஸ் அதில் அழகாகத் தெரிய வேண்டும் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இந்தியாவில் மிகப் பெரும் வெற்றி கண்ட படங்களுள் ஒன்று அது. ஒரு தாயின் களைப்பைக் காட்டியும் மக்களைத் தியேட்டருக்கு அழைக்க முடிந்திருக்கிறது.

இந்தப் படத்தைத்தான் மகளுக்குக் காட்டினேன். பல் வலி போன பிறகு அவளுக்கு வாய் ஓய்வதில்லை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த அம்மாக்கு என்ன நடந்த?" என்று கேட்டாள். கதையைச் சொல்ல அரை மணித்தியாலம் பிடித்தது. சோறு வடிக்க மறந்து குழைந்துவிட்டது.

மறுநாள் அவளே ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தாள். பஸ்ஸில் போகும்போது சுவரொட்டிகளில் தலை இருக்கிறவர்களை எண்ணுவது. ஆண்களை அவள் எண்ணுவாள், பெண்களை நான் எண்ண வேண்டும். இதுவரை ஒரு நாளும் நான் வெல்லவில்லை.