நீர் வடியாத தீவு

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தின் நடுப்பகுதியில், கமோர்ட்டா, நன்கவுரி ஆகிய தீவுகளுக்கு மேற்கே கட்சால் தீவு அமைந்துள்ளது. அதன் உட்பகுதி காடு அடர்ந்த மேட்டு நிலம். விளிம்பு, தென்னை செழித்து நின்ற மணற்பாங்கான தாழ்நிலம். நிக்கோபாரியரின் ஊர்கள் பெரும்பாலும் இந்த மணல் விளிம்பிலேயே இருந்தன. கொப்பரையும் பன்றியும் மீனும் அவர்களுடைய செல்வம்; தாழையினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பெருங்கனி அவர்களுடைய பழைய உணவு. இத்தீவில் தமிழும் கேட்கலாம். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ உடன்படிக்கையின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் சில, இங்குள்ள ரப்பர் தோட்டத்திற் குடியமர்த்தப்பட்டன. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று புதிய ஆயிரமாண்டின் முதற் கதிரவன் உதயமாகும் இடம் கட்சால் என்று கூறப்பட்டு, அதுவரை பலரும் அறியாதிருந்த அத்தீவின் பெயர் செய்தித்தாள்களில் இடம்பெற்றது. ஐந்தாண்டுகள் நிறைவதற்குள் வேறொரு காரணத்தால் அப்பெயர் மீண்டும் எங்கும் பேசப்படலாயிற்று.

வெள்ளம் என்பது வந்து வடிவது. தமிழகக் கரையோர மக்கள் புயலின் கடற்பெருக்கைப் பலமுறை கண்டவர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலில்கூடப் பெருகிய நீர் பின்னர் வடிந்தது. அவ்வூர் மீண்டும் ஊராகவில்லை என்பது வேறு. அரசாங்கம் அதனை வாழத் தகுதியற்ற இடமென அறிவித்துவிட்டது. 2005 ஆகஸ்ட் 29ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் சூறாவளியின்போது கரைகள் உடைந்து, நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. கடல் மட்டத்திற்குத் தாழ்ந்த நிலம் அது. எனினும் இயந்திரங்களைக் கொண்டு ஏறத்தாழ ஆறு வாரங்களில் நீர் வெளியேற்றப்பட்டது. மக்கள் திரும்பிச் சேறு படிந்த வீடுகளைத் திறந்தனர். வீடு கெட்டிருந்தது, ஆனால் வீடு நின்ற மனை அங்கேயே இருந்தது. கட்சாலுக்குத் திரும்பியோர்க்கு அந்த மனையும் இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள். இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்தில், சுமத்ராவின் வடமேற்குக் கரையருகே கடலடியிற் பூகம்பம் தொடங்கிற்று. அதன் அளவு 9.1 எனக் கணக்கிடப்பட்டது. பிளவு ஓரிடத்தில் நில்லாமல் வடக்கு நோக்கி நிக்கோபார், அந்தமான் தீவுகளின் அடியாகச் சில நிமிடங்களில் 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சென்னைக் கரையை ஆழிப்பேரலை அடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கட்சாலோ பிளவின் மீதே அமர்ந்திருந்தது. நில நடுக்கம் ஓய்ந்து மக்கள் வீட்டுக்கு வெளியே வந்து நின்ற சிறிது நேரத்தில் அலை வந்துவிட்டது. மேற்கு நோக்கித் திறந்த குடாவை உடைய இத்தீவு, நிக்கோபாரில் மிகக் கொடிய இழப்பை எய்திய தீவுகளுள் ஒன்று. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,300க்கு மேல் இருந்த ஜனத்தொகை, 2011இல் 2,700க்கும் சற்றுக் குறைவாகக் காணப்பட்டது. இந்த இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் மரணமன்று. தீவைவிட்டுச் சென்றோரும் அதில் அடங்குவர். ஆயினும் பெரும் பங்கு அந்த ஒரு காலைப்பொழுதுக்கு உரியது.

உயிர் தப்பியோர் உட்புற மேட்டுக்கும் காட்டுக்கும் ஏறினர். துறைகள் உடைந்திருந்தன, செய்தித் தொடர்பு அற்றிருந்தது. அலை தணிந்தபின் ஊர் இருந்த இடத்தைக் காண இறங்கி வந்தவர்கள், எவரும் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். கடல் போகவில்லை. வற்றத்தின்போது சற்று விலகியது. ஏற்றத்தின்போது தென்னைகளுக்கிடையே மீண்டும் நுழைந்தது. நாளுக்கு இருமுறை இது நிகழ்ந்தது. டிசம்பர் 26 பௌர்ணமி நாளாதலால் ஓதம் உயர்ந்திருக்கிறது, சில நாட்களில் தணியும் என்று ஒருவர் எண்ணியிருந்தால் அது பிழையான எண்ணமன்று. ஆனால் பௌர்ணமி கழிந்து ஓதம் குறைந்த நாட்களிலும் நீர் தென்னந்தோப்பில் நின்றது. அடுத்த அமாவாசை ஜனவரி 10இலும், அடுத்த பௌர்ணமி 25இலும் வந்தபோது மேலும் உள்ளே ஏறியது. அலை கொண்டுவந்த நீர் அன்று அது. கடல் தன் பழைய மட்டத்திலேயே இருந்தது, தீவு தாழ்ந்திருந்தது.

இதன் காரணம் பூமியின் மேலோட்டுத் தட்டுகளின் இயக்கத்தில் உள்ளது. இந்தியத் தட்டு, இத்தீவுகளுக்கு மேற்கேயுள்ள ஆழ்கடற் பள்ளத்தின் வழியாகத் தீவுகளைத் தாங்கும் தட்டின் அடியிற் புகுந்து செல்கிறது. இரண்டு தட்டுகளும் உராய்ந்து பற்றிக்கொள்ளும் இடத்தில், கீழே செல்லும் தட்டு மேற்றட்டின் முனையையும் தன்னோடு இழுக்கிறது. முனை கீழே வளைய, சற்றுப் பின்னாலுள்ள பகுதி மேலே புடைக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் இது மெல்ல நடைபெறும். பற்று விடுபடும் கணத்தில் முனை துள்ளி எழுகிறது. புடைத்திருந்த பின்பகுதி தாழ்ந்து அமர்கிறது. துள்ளிய முனை கடலைத் தள்ளியதே ஆழிப்பேரலை. தாழ்ந்த பின்பகுதியின் மேல் நிற்பவை நிக்கோபார்த் தீவுகள்.

வகுப்பறையில் இதனைக் காட்ட மூங்கிற் பிளாச்சு ஒன்று போதும். அதன் பின்முனையை மேசையின்மீது ஒரு கட்டையால் அழுத்தி வைத்து, முன்முனையை விரலால் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் மெல்ல அழுத்தினால் நடுப்பகுதி புடைத்து எழும். புடைப்பின் மேல் ஒரு சிறு களிமண் உருண்டையை வைத்து, அதற்குத் தீவு என்று பெயரிடலாம். விரலை எடுத்தவுடன் முன்முனை துள்ளும், தீவு இறங்கும். ஒரே பிளாச்சில் ஒரு முனை எழுவதையும் மற்றோரிடம் தாழ்வதையும் கண்ட மாணவனுக்கு, ஒரே பூகம்பத்தில் வட அந்தமானின் கரை உயர்ந்து பவளப்பாறைகள் வெயிலிற் காய்ந்ததும், நிக்கோபாரில் தோப்புகள் மூழ்கியதும் எவ்வாறு என்பதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

தாழ்ந்த அளவு எங்கும் ஒன்றாக இல்லை. கார் நிக்கோபாரில் அது சுமார் ஒரு மீட்டர். தெற்கே, பெரிய நிக்கோபாரின் முனையில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் நின்ற நிலம் சுமார் நான்கு மீட்டர் தாழ்ந்து, விளக்கின் அடி கடலுக்குள் ஆயிற்று. கட்சால் இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. கிழக்கே உள்ள டிரிங்கட் என்னும் சிறு தீவு அலையாலும் தாழ்வாலும் துண்டுபட்டது. அந்தமானில் போர்ட் பிளேர் நகரமும் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்து, அதன் தாழ்வான வயல்கள் சில உப்பங்கழிகளாயின.

கரையோரத்திற் பணிபுரியும் களப்பணியாளர் ஒருவர், நிலம் தாழ்ந்ததா அல்லது கரை அரிக்கப்பட்டதா என்று எவ்வாறு அறிவார்? அரிப்பில் மரம் சாயும், வேர் வெளிப்படும், மண் போய்விடும். தாழ்வில் மரம் நின்றபடியே, வேர் மண்ணில் ஊன்றியபடியே, உப்புநீரில் நின்று சாகும். சில மாதங்களில் அதன் அடிமரத்தில் சிப்பியும் கொட்டலசும் ஒட்டிக்கொள்ளும். அவை ஒட்டிய மேல்வரம்பு ஏற்ற நீரின் புதிய மட்டத்தை ஏறக்குறைய காட்டிவிடும். அளவுகோல் கைவசம் இல்லாதோர்க்கு இதனினும் நல்ல அளவுகோல் இல்லை. கட்சாலின் கரையில் தலையிழந்த தென்னைகள் பல ஆண்டுகள் இவ்வாறே நீருக்குள் நின்றன. உப்புக் காற்றைத் தாங்கும் மரம் தென்னை. வேரில் நாள்தோறும் உப்புநீர் நிற்பதை அது தாங்காது.

தென்னையைவிட முன்னதாகத் தெரியவந்த இழப்பு கிணறு. இது சற்று விரிவாக நோக்கத்தக்கது. சிறு தீவுகளில் மழைநீர் மண்ணுள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1 எனக் கொண்டால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. இந்தச் சிறு வேறுபாட்டினால், கடல் மட்டத்திற்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால், மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கக்கூடும். மேலே அரை மீட்டர் குறைந்தால் கீழே இருபது மீட்டர் குறையும். கடற்கரை மணல் விளிம்பில் நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் அரை மீட்டர் நிற்பதே அரிது. அந்த விளிம்பு ஒரு மீட்டர் தாழ்ந்து ஓதம் தவழும் நிலமாகிவிட்டால், மழை எவ்வளவு பெய்தாலும் அங்கே நன்னீர் வில்லை உருவாவதில்லை. அலை புகுந்து உப்பான கிணற்றை இறைத்துக் கழுவினால், சில மழைக்காலங்களில் நீர் தெளியும். நாகப்பட்டினம் முதலிய தமிழகக் கரைப் பகுதிகளில் கிணறுகளை இறைத்ததன் பயன் இதுவே. தாழ்ந்த விளிம்பிலுள்ள கிணற்றை இறைப்பது கடலை இறைப்பதாகும். திரும்பி வந்தோர் பழைய ஊரில் குடியிருக்க இயலாமைக்கு, அலையின் மீதிருந்த அச்சத்தைவிட உறுதியான காரணம் இதுவேயாகும்.

இனி, ஒழுங்கு பற்றி. பெரும் வெள்ளத்திற்குப்பின் ஒரு நகரிற் சட்டம் இல்லாமற்போகும் என்பது பலருடைய எண்ணம். நியூ ஆர்லியன்ஸிலிருந்து அந்நாட்களில் வந்த கொள்ளை, கொலைச் செய்திகளிற் பல, பின்னர் விசாரித்தபோது ஆதாரமற்றவை அல்லது மிகைப்படுத்தப்பட்டவை எனத் தெரிந்தது. கட்சாலில் அத்தகைய வதந்திக்கும் இடமில்லை. திருடுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை என்று கசப்பாகச் சொல்லலாம். அங்கு எழுந்த சட்டக் கேள்விகள் வேறு. காணாமற்போனவர் இறந்தவர்தாமா? நடப்பிலிருந்த 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின்படி, ஏழாண்டுகள் செய்தியின்றி இருந்தவரையே இறந்தவராகக் கொள்ள இயலும். உடல் கிடைத்தோர் சிலரும் கிடைக்காதோர் மிகப் பலருமாயிருந்த ஒரு தீவில், அநாதைக் குழந்தைக்கு நிவாரணம் வழங்க ஏழாண்டு காத்திருத்தல் இயலாது. எனவே இந்திய அரசாங்கம் ஆழிப்பேரலையிற் காணாமற்போனோர்க்கென விசாரணை முறையொன்றை வகுத்து, இறப்புச் சான்று வழங்க வழிசெய்தது.

இரண்டாவது கேள்வி நிலம். மேட்டு நிலம் யாருக்கு உரியது? நிக்கோபாரியரிடையே நிலமும் தோப்பும் தனியொருவருக்கன்றி, துஹெத் எனப்படும் பெருங்குடும்பத்திற்கு உரியவை. எல்லை, பத்திரத்தில் அன்று, முதியோர் நினைவில் இருந்தது. ஒரு மரமோ ஓர் ஓடையோ அதற்குச் சான்று. அலை முதியோரையும் மரத்தையும் சேர்த்தே கொண்டுசென்றது. கரையை இழந்த குடும்பம் உள்நோக்கி நகர்ந்தால், அது வேறொரு குடும்பத்தின் நிலமாக இருக்கலாம். இவ்வழக்குகளைப் பேசித் தீர்க்கும் பொறுப்பு, கேப்டன் என்று அழைக்கப்படும் ஊர்த் தலைவர்களிடமும் பழங்குடி மன்றங்களிடமும் இருந்தது. அண்டைத் தீவுகளில் இது இன்னும் கடினமாயிற்று. டிரிங்கட் மக்கள் கமோர்ட்டாவிலும், சௌரா மக்கள் தெரேசாவிலும் பிறர் நிலத்திற் குடியேற நேர்ந்தது. சௌரா மக்கள் அங்கே நிலைக்க விரும்பாது, பின்னர்த் தம் தீவுக்கே திரும்பினர்.

2005இல் தகரத்தாலான இடைக்காலக் கொட்டகைகள் எழுந்தன. நிலநடுக்கோட்டுக்கு எட்டுப் பாகை வடக்கே, நண்பகலில் தகரக் கூரையின்கீழ் இருப்பது எத்தகையது என்பதைக் கூற வேண்டுவதில்லை. பின்னர் நிலையான வீடுகள் கரைக்கு அப்பால் மேட்டில் வரிசையாகக் கட்டப்பட்டன. அவற்றிற்குரிய பொருள்கள் பெரும்பாலும் தாயகக் கரையிலிருந்து கப்பலில் வந்தன. பூகம்பத்தைத் தாங்கும் வகையில் அவை அமைந்தன என்பது மெய். ஆனால் வீடு ஒரு கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு என்று அளிக்கப்பட்டது. நிவாரணத் தொகையும் தனித்தனி வங்கிக் கணக்கிற் சேர்ந்தது. துஹெத் என்னும் பெருங்குடும்பம் இந்தக் கணக்கில் இடம்பெறவில்லை. அலை பிரிக்காமல் விட்ட சில குடும்பங்களை உதவி பிரித்தது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியுள்ளனர். அதனை மறுப்பது எளிதன்று. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஆறு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். கொப்பரை விற்று வாழ்ந்தோர் அதுவரை கூலிக்குச் செல்ல நேர்ந்தது. மேட்டு வீட்டிலிருந்து கடலுக்கு நடக்கும் தூரமும் மீனவனின் கணக்கிற் புதிதாகச் சேர்ந்தது.

கரையின் மற்றக் குடிகளும் இடம் தேடின. மணலும் சருகும் குவித்து, அதன் வெப்பத்தில் முட்டையைப் பொரிக்க விடும் நிக்கோபார் மேட்டுக்கோழி, கரையோரத்தையே நம்பிய பறவை. 2006இல் எடுத்த கணக்கில் அதன் முட்டை மேடுகள் முன்பிருந்ததில் மூன்றிலொரு பங்குக்கும் குறைவாயின. அலையாத்திக் காடுகள் நிக்கோபாரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. மரங்கள் ஓதத்திற்கு ஏற்றவையேனும், ஒரே நாளில் ஒரு மீட்டர் ஆழம் கூடியதை அவற்றின் மூச்சுவேர்கள் தாங்கவில்லை. ஆயின் அதே நீர் புகுந்த தாழ்நிலங்களிற் கடல் கொண்டுவந்த விதைகள் ஊன்றின. முன்பு புல்வெளியாகவும் தோப்பாகவும் இருந்த இடங்களில் இப்போது இளம் அலையாத்திகள் நிற்கின்றன.

தீவின் தாழ்வும் அப்படியே நிலைத்துவிடுவதன்று. பற்று விடுபட்ட தட்டுகள் மீண்டும் பற்றிக்கொள்ள, பிளாச்சு மறுபடியும் மெல்ல வளையத் தொடங்குகிறது. செயற்கைக் கோள் வழி அளக்கும் கருவிகள் தீவுகளின் இந்த அசைவைப் பதிவு செய்கின்றன. அது மனித வாழ்நாளில் பழைய கரையைத் திருப்பித் தரும் வேகம் அன்று. 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை நிலையம் பணி தொடங்கியது. எனினும் கட்சால் போன்ற, பிளவின் மீதே அமர்ந்த தீவில், எச்சரிக்கை வருவதற்கு முன்பே அலை வரக்கூடும். ஆகவே நிலம் நீண்டு, வலுத்து அசைந்தால், அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்கு ஏறுக என்பதே அங்குப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க வேண்டிய விதி.

களப்பணியாளர்க்கு ஒரு சிறு குறிப்பு எஞ்சியுள்ளது. ஓத அட்டவணையிற் காணும் உயரம், கரையிற் பதித்த மட்டக்கல் ஒன்றை ஆதாரமாகக் கொண்டது. கல் தாழ்ந்தால் அதைச் சார்ந்த உயரங்கள் யாவும் பிழையாகும். எனவே நிக்கோபாரில் 2004க்கு முன் குறித்த மட்டம் எதனையும், அதன்பின் மீண்டும் அளக்கப்பட்டதா என்று கேட்டறியாமல், வரைபடத்திலிருந்து எடுத்துக் கிணற்றுக்கோ துறைக்கோ பயன்படுத்தலாகாது.