சுமப்பதற்கென்று ஒரு படகு

கனடாவின் வடமேற்குப் பகுதியில் தெற்கு நகானி என்றோர் ஆறு ஓடுகிறது. அதில் இருக்கும் வர்ஜீனியா அருவிக்குப் போகச் சாலை கிடையாது. ஃபோர்ட் சிம்ப்சன் என்னும் சிற்றூரிலிருந்து, சக்கரத்துக்குப் பதில் மிதவை பூட்டிய சிறு விமானத்தில் போக வேண்டும். ஆற்றை முழுதாக அனுபவிக்க நினைப்பவர்கள் இன்னும் மேலே, ராபிட்கெட்டில் ஏரியில் இறங்குவார்கள். அங்கிருந்து முதல் சில நாட்களுக்கு ஆறு பரம சாது. துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலே இழுத்துக்கொண்டு போகும்.

பிறகு ஓரிடத்தில் வழிகாட்டி படகைக் கரைக்குத் திருப்பச் சொல்வார். கண்ணுக்கு எதிரே பயப்பட ஒன்றும் இருக்காது. காதைக் கொடுத்தால் மட்டும் ஓர் இரைச்சல் கேட்கும். கொஞ்ச தூரத்தில் ஆறு சரிந்து, நுரைத்து, 90 மீட்டருக்கு மேல் ஒரே பாய்ச்சலாகக் குதிக்கிறது. நயாகராவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உயரம்.

பயணிகள் இறங்கி, மூட்டைகளை எடுத்துக்கொண்டு, படகையும் கவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் நடந்து, அருவியின் அடியில் மறுபடி ஆற்றைப் பிடிப்பார்கள். கனூ என்ற படகின் ரகசியம் இந்த நடையில்தான் இருக்கிறது. மற்றப் படகுகள் ஆளைச் சுமக்கக் கட்டப்பட்டவை. கனூ, ஆளைச் சுமக்கவும் ஆளால் சுமக்கப்படவும் கட்டப்பட்டது.

வட கனடாவின் நிலத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். பனியூழியில் பனிப்பாறைகள் சுரண்டிவிட்டுப் போன பாறைத் தரையில் எண்ணற்ற ஏரிகள். அவற்றைக் கோத்துச் செல்லும் ஆறுகள். நடுநடுவே அருவியும் பாறைச் சரிவும். ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே சில நூறு அடி நிலம் குறுக்கிடும். இங்கே கனமான படகு இரண்டாவது நாளே நின்றுவிடும். எனவே அந்த மண்ணின் பழங்குடியினர் பூர்ச்ச மரத்தின் பட்டையை உரித்து, உட்புறம் வெளியே தெரியும்படி வளைத்து, தேவதாரு வகை மரச் சட்டங்களை உள்ளே கொடுத்து, ஸ்ப்ரூஸ் மர வேரால் தைத்து, அதே மரத்தின் பிசினால் தையலை அடைத்தார்கள். ஆணி ஒன்றுகூடக் கிடையாது. வழியில் கிழிந்தால், ஒட்டுப்போடத் தேவையான பொருள் எல்லாம் கரையிலேயே வளர்ந்து நிற்கும்.

மலையில் வாழ்ந்த டெனே மக்கள் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். மூஸ் என்ற பெரிய மானின் தோல்களைச் சேர்த்துத் தைத்து, மரச் சட்டத்தின்மேல் போர்த்திப் பெரும்படகு செய்வார்கள். வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது குடும்பம், நாய், விற்க வேண்டிய மென்மயிர்த் தோல் அனைத்தையும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குவார்கள். வணிகத் தலத்தை அடைந்ததும் படகைப் பிரித்துவிடுவார்கள். தோல் தோலாகவே பயன்படும். திரும்பும் பயணம் கால்நடையாக.

ஐரோப்பிய வணிகர்கள் வந்தபோது பட்டைக் கனூவை அப்படியே எடுத்துக்கொண்டு நீளத்தை மட்டும் கூட்டினார்கள். மாண்ட்ரியலிலிருந்து பெரிய ஏரிகளுக்குப் போனவை ஏறக்குறைய 11 மீட்டர். அவற்றை வலித்த கூலியாட்களுக்கு வாயஜர் என்று பெயர். சரக்கு மூட்டை ஒன்று 90 பவுண்டு, அதாவது சுமார் 41 கிலோ. நிலம் குறுக்கிடும் இடத்தில் ஒரு நடைக்கு ஆளுக்கு இரண்டு மூட்டை. நம் ஊரில் சும்மாடு தலையுச்சியில் உட்காரும். அவர்களுக்கு ஒரு தோல் வார் நெற்றியில் பட்டையாக அழுந்தி, முதுகில் சுமையைத் தொங்கவிட்டது. வழியில் சுமையை இறக்கிவைத்து மூச்சு வாங்கும் இடங்களும் இருந்தன. நாம் சுமைதாங்கிக் கல் நட்டோம். அவர்கள் கல் நடவில்லை. ஆனால் பாதை எத்தனை இளைப்பாறல் நீளம் என்றே தூரத்தைச் சொன்னார்கள்.

சுமக்க முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சாட்சி உண்டு. 1819இல் புறப்பட்ட, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ஃபிராங்க்ளினின் ஆய்வுக் குழு, காப்பர்மைன் ஆற்றின் வழியாக ஆர்க்டிக் கடற்கரைக்குப் போனது. 1821இல் தரைவழியே திரும்பும்போது, பசியில் துவண்ட சுமையாட்கள் கனூக்களைக் கீழே போட்டு உடைத்தார்கள், கடைசியில் கைவிட்டார்கள். அதன் பிறகு அதே காப்பர்மைன் ஆறு குறுக்கே வந்தது. கடக்கப் படகு இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் கரையிலேயே கிடந்து, கடைசியில் குறும்புதர்க் குச்சிகளில் கித்தான் போர்த்திய ஒரு கூட்டில் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். இருபது பேரில் பதினொருவர் அந்தப் பயணத்தில் இறந்தார்கள். மீதிப் பேரைக் காப்பாற்றியவர்கள் டெனே தலைவர் அக்கைச்சோவின் ஆட்கள்.

இன்றைய கனூ பட்டையால் ஆனதல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் விமானம் செய்த கிரம்மன் நிறுவனம் அலுமினியத்தில் கனூ செய்தது. அது உழைத்தது, ஆனால் பாறையில் பட்டால் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும், சத்தமும் போடும். பிறகு ராயலெக்ஸ் என்ற பல அடுக்கு பிளாஸ்டிக் வந்தது. பாறையில் மடிந்து சுற்றிக்கொண்ட படகை இழுத்தெடுத்து உதைத்தால் பழைய உருவத்துக்கே திரும்பிவிடும் என்பதால் காட்டாற்று வழிகாட்டிகளுக்கு அது செல்லப்பிள்ளை. 2014இல் அதன் உற்பத்தி நின்றபோது பலர் துக்கம் கொண்டாடாத குறை. பொருள் மாறினாலும் உருவம் மாறவில்லை. இருவர் செல்லும் பயணக் கனூ ஐந்து மீட்டர் நீளம். எடை முப்பது, நாற்பது கிலோ. நடுவிலுள்ள குறுக்குக் கட்டையில் கழுத்துக்கும் தோளுக்கும் ஏற்ப ஒரு வளைவு செதுக்கியிருக்கும். அதுதான் நுகம்.

அடிப்பகுதியில்தான் சூட்சுமம். அடி நேராக இருந்தால் படகு ஏரியில் கோடு கிழித்தாற்போல் போகும், திருப்புவது கஷ்டம். ஆடு நாற்காலியின் கால்போல இரு முனையும் மேலே வளைந்திருந்தால் சட்டென்று திரும்பும். ஆனால் நேராகப் போக அடம்பிடிக்கும். பயணக் கனூ இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசம். பின்னால் இருப்பவர் வலப்புறம் வலித்தால் முனை இடப்புறம் ஓடும். அதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை லேசாக வெளியே தள்ளுவார். துடுப்பு போகும் தடம் ஆங்கில ‘ஜே’ எழுத்தைப்போல இருப்பதால் அதற்கு ஜே வலிப்பு என்றே பெயர்.

ஓடும் ஆற்றில் வலிமையைவிட வாசிப்பு முக்கியம். இரண்டு பாறைகளுக்கு நடுவே நீர் வழவழப்பாகக் குவிந்து, ஆங்கில ‘வி’யின் கூர் கீழ்நோக்கி இருந்தால் அது பாதை. கூர் மேல்நோக்கி இருந்தால், அந்தக் கூரில் ஒரு பாறை தலையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாறையின் முதுகுப்பக்கத்தில் நீர் சுழன்று, ஆற்றுக்கு எதிராக மேலே ஏறிவரும். அது படகு நிறுத்துமிடம். வேகமான நீரிலிருந்து அதற்குள் நுழையும்போது, வளைவில் சைக்கிள் ஓட்டுபவர் உள்பக்கம் சாய்வதைப்போல் சாய வேண்டும். மறந்தால் கவிழ்ந்துவிடும்.

ஆற்றின் மறுகரைக்குப் போக வேண்டும், ஆனால் கீழே போய்விடக் கூடாது என்றால் ஒரு தந்திரம் உண்டு. முனையை ஆற்றின் வரவுக்கு எதிராகக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வலிக்க வேண்டும். வலிக்கும் விசை ஆற்றின் இழுப்பைச் சரிக்கட்டும். சாய்ந்த பக்கத்தில் மோதும் நீர் படகை அக்கரைக்குத் தள்ளும். காற்றே காற்றாடியை மேலே ஏற்றுவதுபோல, ஆறே படகை ஆற்றைக் கடக்க வைக்கிறது.

பாறையில் பக்கவாட்டில் மோதினால் மட்டும் உடம்பு தவறாகவே நினைக்கும். பயத்தில் பாறையை விட்டு விலகிச் சாய்வோம். உடனே மேல்விளிம்பு தாழ்ந்து ஆறு உள்ளே புகும். ஒரு கன மீட்டர் நீர் ஒரு டன். படகு பாறையைச் சுற்றி மடிந்துவிடும். சரியான வழி, பாறையை நோக்கிச் சாய்ந்து அதைக் கட்டிக்கொள்வது.

விழுந்தவருக்கு எதிரி ஆழம் அல்ல, குளிர். மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் பரப்பிய ஒரு கணக்கு வழிகாட்டிகளுக்கு மனப்பாடம்: 1–10–1. பனிநீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது ஏறக்குறைய பத்து நிமிடம்தான். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி. மிதவைச் சட்டை அணிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லுபடியாகும்.

அதனால்தான் வழிகாட்டி சந்தேகமான ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் படகைக் கரைசேர்த்து, நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். ஓடலாமா, கரையிலிருந்து கயிறு பிடித்து இறக்கலாமா, சுமக்கலாமா என்று முடிவு செய்வார். சாட்டிலைட் போன் பையில் இருக்கும். ஆனால் உதவி வர மணிக்கணக்கும் ஆகலாம், நாட்கணக்கும் ஆகலாம். நகானி தேசியப் பூங்காவில் புறப்படும்போது அதன் அலுவலகத்தில் பதிய வேண்டும். முடித்ததும் தெரிவிக்க வேண்டும். 1978இல் யுனெஸ்கோ முதன்முதலாக அறிவித்த பன்னிரண்டு உலக மரபிடங்களில் இந்தப் பூங்காவும் ஒன்று.

சரி, அருவிப் பாதைக்குத் திரும்புவோம். படகைத் தூக்க ஒரு முறை இருக்கிறது. முதலில் தொடையில் ஏற்றி, ஒரே வீச்சில் தலைக்குமேல் புரட்டி, நுகத்தைத் தோளில் இறக்க வேண்டும். அதன் பிறகு உலகம் சுருங்கிவிடும். படகின் விளிம்புக்குக் கீழே முன்னால் போகிறவரின் காலணியும் சேறும் மட்டுமே தெரியும். அருவியைப் பார்க்க முடியாது. அதன் இரைச்சல் மட்டும் கவிழ்ந்த படகுக்குள் குடத்தில் பேசியதுபோல் முழங்கும்.

கீழே இறக்கி நீரில் விட்டதும் முதலில் வருவது நான்காம் பள்ளத்தாக்கு. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. எண்ணிட்ட பழைய ஆட்கள் ஆற்றை எதிர்த்து, கீழிருந்து மேலே வந்தவர்கள். அவர்களுக்குக் கடைசியாக வந்தது நமக்கு முதலில் வருகிறது. அந்தப் பள்ளத்தாக்குகளைத் தலைகீழாக எண்ணிக்கொண்டே கீழே போகிறவர் யாராயினும், தோள்பட்டையைத் தடவிக்கொண்டுதான் எண்ணுவார்.