மாசம் 15,000 லாபம்னு நினைச்சாங்க... காரைக்குடி கப்கேக் கணக்கு சொன்னது வேற!

ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணி. நாளைக்குக் காலையில ஆபீஸ். கையில போன், இன்ஸ்டாகிராம்ல யாரோ ஒருத்தர் வீட்டுக் கிச்சன்ல கேக் செஞ்சு வித்துட்டு இருக்காங்க. "பேசாம வேலையை விட்டுட்டு நாமளும் இப்படி ஏதாவது பண்ணலாமா?" இந்த எண்ணம் உங்களுக்கு ஒரு தடவையாவது வந்திருக்கும். அப்படின்னா இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

2025 ஜூலை. வருமான வரித் தாக்கல் நேரம். செக்காலை ரோட்டுல இருக்கிற என் ஆபீஸுக்கு ஒரு பொண்ணு வந்தாங்க. வயசு 27. ஒரு கையில ஃபார்ம் 16, இன்னொரு கையில ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிக்குள்ள ஆறு கப்கேக். "முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது சார். வீகன். சாப்பிட்டுப் பாத்துட்டு சொல்லுங்க" என்றார்கள்.

சாப்பிட்டேன். நல்லாவே இருந்தது. அப்புறம்தான் அவங்களோட நோட்டைத் திறந்தேன். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, கணக்கை எழுதலாம்னு அனுமதி கொடுத்திருக்காங்க.

என்ன விக்கிறாங்க?

சென்னையில ஐடி கம்பெனி வேலை, கையில 30,000 சம்பளம். வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, திரும்ப ஆபீஸுக்கு வரச் சொன்னபோது ராஜினாமா செய்துவிட்டு காரைக்குடி பக்கம் சொந்த ஊருக்கே வந்துட்டாங்க. பிஎஃப் பணத்திலிருந்து 40,000 எடுத்து ஓவன், பீட்டர், தட்டுகள் எல்லாம் வாங்கியாச்சு.

வீகன் என்றால் விலங்குகளிடமிருந்து வருகிற எதுவும் சேராத உணவு. முட்டை மட்டுமில்ல, பால், நெய், தேன்கூட கூடாது. கேட்கப் புதுசா இருக்கலாம். ஆனா அரிசியும் உளுந்தும் அரைச்சு எண்ணெயில சுடுற நம்ம வெள்ளைப் பணியாரத்துல பால் சேர்க்கலைன்னா அதுவும் வீகன்தான். இவங்க கவுனி அரிசி மாவு, கருப்பட்டி, தேங்காய்ப்பால் வெச்சு ஒரு கப்கேக் செய்றாங்க. அதுதான் அதிகம் விக்குதாம். முட்டை இல்லாம கேக் எப்படி உப்பும்? சமையல் சோடாவும் வினிகரும் சேரும்போது வர்ற வாயு மாவைத் தூக்கிவிடும், அவ்வளவுதான். ருசியும் பிரச்சினை இல்லை. 2010-லயே அமெரிக்காவின் 'கப்கேக் வார்ஸ்' டிவி போட்டியில க்ளோயி காஸ்கரெல்லி வீகன் கப்கேக் செஞ்சு ஜெயிச்சிருக்காங்க.

வாடிக்கையாளர்கள் யார்? அழகப்பா பல்கலைக்கழகப் பக்கம் பிறந்தநாள் ஆர்டர்கள், பால் ஒத்துக்காத குழந்தைகள் இருக்கிற வீடுகள், கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டிநாட்டு வீட்டில் நடக்கும் ஒரு ஹோட்டல். மாசம் 40 டஜன் போகுது. சின்ன ஊருக்கு இது நல்ல விற்பனை.

நோட்டில் இருந்த கணக்கு

ஒரு டஜனுக்கு அவங்க எழுதி வெச்சிருந்தது இதுதான்:

- மாவு, சர்க்கரை, கோகோ, எண்ணெய், தேங்காய், சோடா, வினிகர்: 110 ரூபாய்
- மேலே வைக்கும் க்ரீம் (வீகன் வெண்ணெய், ஐசிங் சர்க்கரை): 150 ரூபாய்
- பேப்பர் கப், இரண்டு பெட்டி, ஸ்டிக்கர்: 75 ரூபாய்
- கரண்ட்: 10 ரூபாய்
- மொத்தம்: 345 ரூபாய்

ஒரு கப்கேக் 60 ரூபாய். டஜன் 720. செலவு போக 375. மாசம் 40 டஜன், 15,000 ரூபாய் லாபம். "சம்பளத்துல பாதி வந்துருச்சு சார். இன்னும் ஆறு மாசத்துல முழுசா வந்துரும்" என்றார்கள்.

இங்கே ஒண்ணு கவனிங்க. மாவையும் சர்க்கரையையும் இவ்வளவு ஒழுங்கா எழுதி வைக்கிறவங்க ரொம்பக் குறைவு. பொருள் செலவில் அவங்க தப்பு பண்ணலை. ஆனா கடைக்குக் காசு கொடுத்து வாங்கியதை மட்டும்தான் செலவுன்னு நினைச்சிருக்காங்க. நம்மில் நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறோம்.

நோட்டில் இல்லாத கணக்கு

ஒவ்வொண்ணா கேட்டேன். கருகினது, உப்பாம அமுங்கினது எவ்வளவு? பத்துல ஒண்ணு. டஜனுக்கு 35 ரூபாய் போச்சு. டெலிவரி யார் செலவு? "ஃப்ரீ டெலிவரின்னு போட்டிருக்கேன் சார்." 60 ரூபாய். இன்ஸ்டாகிராம் விளம்பரம், மாசம் 1,200. டஜனுக்கு 30. சாம்பிள் கொடுக்கிறது 20. ஓவனும் பீட்டரும் நாலு வருஷம் உழைக்கும்னு வெச்சுக்கிட்டா 40,000 ரூபாய்க்கு மாசம் 833 தேய்மானம், டஜனுக்கு 21.

கூட்டினால் 166 ரூபாய். 375-ல் 166 போனால் மிச்சம் 209. மாசம் 40 டஜனுக்கு 8,360.

அடுத்த கேள்விதான் முக்கியம். "ஒரு டஜனுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?"

சாமான் வாங்க 20 நிமிஷம். கலந்து, சுட்டு எடுக்க 75. ஆறவெச்சு க்ரீம் வைக்க 60. பேக்கிங் 20. பாத்திரம் கழுவ 30. வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல 35. மொத்தம் நாலு மணி நேரம்.

209-ஐ 4-ஆல் வகுத்துப் பாருங்க. மணிக்கு 52 ரூபாய்.

பழைய வேலையில 30,000 ரூபாய்க்கு மாசம் சுமார் 200 மணி நேரம். மணிக்கு 150. அதுக்கு மேல கம்பெனி கட்டுற பிஎஃப், மருத்துவக் காப்பீடு. இங்கே மாசம் 160 மணி நேரம் நின்னு வேலை செஞ்சு, மூணுல ஒரு பங்கு கூலிதான் வருது.

அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. நான் இன்னொண்ணும் கேட்க வேண்டியிருந்தது. "தேங்காய் துருவி பால் எடுக்கிறது யாரு?"

"அம்மா."

"அது இந்த நாலு மணி நேரத்துல இருக்கா?"

இல்லை. காலையில அஞ்சரைக்கு எழுந்து தேங்காய் துருவுற அம்மா அந்தக் கணக்கில் எங்கேயுமே இல்லை.

வேறு வைத்தல்: நம்ம ஊர்லயே இருக்கிற பாடம்

செட்டிநாட்டுப் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும், மத்தவங்களுக்காகச் சொல்றேன். நகரத்தார் குடும்பங்கள்ல 'வேறு வைக்கிறது'ன்னு ஒரு வழக்கம். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் அதே வீட்டுக்குள்ளேயே அந்தத் தம்பதிக்குத் தனி அடுப்பு, தனிச் சமையல், தனிக் கணக்கு. கூடம் ஒண்ணு, சாமி அறை ஒண்ணு, ஆனா அரிசிப் பானை வேற. சண்டை போட்டுப் பிரியறது இல்லை இது. யாருக்கு என்ன வருது, என்ன போகுதுன்னு குழப்பம் இல்லாம இருக்கிறதுக்கான ஏற்பாடு.

பர்மா, மலேயா வரைக்கும் போய்த் தொழில் நடத்தி, பேரேடும் ஐந்தொகையும் எழுதின ஊர் இது. ஐந்தொகை என்பது நாங்கள் இன்னைக்கு பேலன்ஸ் ஷீட்டுன்னு சொல்றதுதான்.

இவங்க பிரச்சினை என்னன்னா, வீட்டு அடுப்பையும் தொழில் அடுப்பையும் வேறு வைக்கலை. ஒரே சேமிப்புக் கணக்கில் சம்பள மிச்சமும் கப்கேக் பணமும். வீட்டுச் சர்க்கரை டப்பாவிலிருந்து கேக்குக்கு, கேக் பணத்திலிருந்து கேஸ் சிலிண்டருக்கு. இப்படி இருந்தால் லாபமா நஷ்டமான்னு யாராலும் சொல்ல முடியாது, என்னாலயும்கூட.

என்ன மாத்தினோம்?

முதல்ல தனி வங்கிக் கணக்கு, அதுக்குத் தனி யுபிஐ கியூஆர். அப்புறம் நாலு முடிவு.

1. ஒரு டஜன் ஆர்டரைத் தனியா சுடுறது இல்லை. இரண்டு டஜன் சேர்ந்தால்தான் ஓவன். ஒரு தடவைக்கு எட்டு மணி நேரம் ஆனது ஐந்தரை மணி நேரமா குறைஞ்சது.
2. விலை 60-லிருந்து 75.
3. டெலிவரி கட்டணம் தனி. நேரில் வந்து வாங்கினால் இல்லை.
4. அம்மாவுக்கு மாசம் 2,000 ரூபாய் கூலி.

விலையை ஏத்த ரொம்பவே பயந்தாங்க. பயந்த மாதிரியே நடந்தது. 40 டஜன் 26 டஜனா குறைஞ்சது. அப்போ கணக்கு எப்படி?

இரண்டு டஜன் விற்பனை 1,800 ரூபாய். பொருள் 690, வீணாவது 40, விளம்பரம் 60, சாம்பிள் 40, தேய்மானம் 64. செலவு 894. மிச்சம் 906. மணிக்கு சுமார் 165 ரூபாய்.

மாசத்துக்கு 13 தடவை சுட்டால் 11,778 ரூபாய். அம்மா கூலி போக 9,778. விற்பனை 28,800-லிருந்து 23,400 ஆகக் குறைஞ்சிருக்கு. உழைப்பு 160 மணி நேரத்திலிருந்து சுமார் 72. லாபம் கூடியிருக்கு.

ஆனா இதைப் பார்த்து நீங்க உடனே கிளம்பிடாதீங்க. 9,778 ரூபாய் 30,000-க்கு ஈடு இல்லை. சம்பளம் அளவுக்கு வரணும்னா மாசம் 60 டஜனுக்கு மேல விக்கணும். வீகன் கப்கேக்குக்கு இந்த ஊர்ல அவ்வளவு தேவை இப்போதைக்கு இல்லைன்னு அவங்களே சொன்னாங்க. அதனால காரைக்குடியிலேயே ஒரு ஆபீஸ்ல 20,000 ரூபாய் வேலையில சேர்ந்துட்டாங்க. வெள்ளி ராத்திரி, சனி, ஞாயிறு பேக்கிங். ஞாயித்துக்கிழமைன்னு ஒரு நாள் இல்லாமப் போச்சு. அதுவும் ஒரு விலைதான், அதையும் நோட்டில் எழுதிக்கச் சொன்னேன்.

சட்டம் என்ன சொல்லுது?

*உணவுப் பதிவு:* வீட்டில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு கட்டாயம். ஆண்டு விற்பனை ஒரு வரம்புக்குள் இருக்கிற சிறு வியாபாரிக்கு எளிய பதிவு. ஃபாஸ்காஸ் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். அங்கேயே அன்றைய வரம்பையும் பார்த்துக்கோங்க. கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பெட்டியில் போடணும்.

*வீகன் முத்திரை:* 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறைகள் வந்திருக்கு. பச்சை நிற 'வி' முத்திரையை நம்ம இஷ்டத்துக்கு அச்சடிக்க முடியாது, அதுக்கு அனுமதி வாங்கணும். பால் சேர்த்த கேக் செய்ற அதே பாத்திரத்துல கவனமில்லாம வீகன் கேக் செஞ்சு விக்கிறதும் தப்பு.

*ஜிஎஸ்டி:* தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனா ஒரு பொறி இருக்கு. பெங்களூரு தோழிக்கு பார்சல் வித்தால் அது வெளிமாநில விற்பனை. அதுக்கு வரம்பு பார்க்காமல் பதிவு எடுக்கணும். கேக் மீதான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகியிருக்கு. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டின்னு ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

*வருமான வரி:* சம்பளத்தோட இப்படித் தொழில் வருமானமும் இருந்தால் ஐடிஆர்-1 போடக் கூடாது. சிறு தொழிலுக்கான 44ஏடி முறையில் போறவங்களுக்கு ஐடிஆர்-4. (2026 ஏப்ரல் முதல் வந்த புதிய சட்டத்தில் பிரிவு எண் மாறுது.) அதில் வங்கி வழியா வந்த விற்பனைக்கு குறைந்தது 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் லாபமா காட்டணும். உண்மையான லாபம் அதைவிட அதிகம்னா அதையே காட்டுங்க. நாளைக்கு வீட்டுக்கடன் கேட்கும்போது அந்தத் தாள்தான் பேசும்.

*பிஎஃப்:* ஐந்து வருஷ சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடி எடுத்தால் அது வரிக்கு உட்பட்டது. 50,000-க்குள் எடுத்ததால் டிடிஎஸ் பிடிக்கலை. அதனால வரியே இல்லைன்னு நினைச்சு இவங்க கணக்கில் காட்டாம விட்டிருந்தாங்க. சேர்த்தோம்.

ராஜினாமா மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி

- வேலையில் இருந்துக்கிட்டே மூணு மாசம் வித்துப் பாருங்க. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை நிமிஷம்னு எழுதுங்க.
- உங்க சம்பளத்தை மணிக்கணக்கில் மாத்துங்க. தொழில் லாபத்தையும் மணிக்கணக்கில் மாத்துங்க. இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க.
- வீட்டில் உங்களுக்கு உதவுறவங்க பேரை எழுதி, அவங்க இல்லைன்னா வெளியாளுக்கு என்ன கொடுப்பீங்கன்னு எழுதுங்க.
- ஆறு மாச வீட்டுச் செலவும் சொந்தமா ஒரு மருத்துவக் காப்பீடும் கையில் இல்லாம வேலையை விடாதீங்க.
- பிஎஃப்-ஐ முதலாப் போடாதீங்க.

கப்கேக் மட்டுமில்ல. ஊறுகாய், ஆரி வேலை, டியூஷன், யூடியூப் எடிட்டிங், எதுக்கும் இதே கணக்குதான். இந்தக் கணக்கைப் போட உங்களுக்கு ஒரு ஆடிட்டர் வேண்டாம், ஒரு நாப்பது பக்க நோட்டு போதும்.

போன மாசம் அவங்க மறுபடி வந்தாங்க, இந்தத் தடவை அம்மாவோட. முதல் மாசம் 2,000 ரூபாயை அம்மா வாங்கவே இல்லையாம். "பெத்த பிள்ளைக்குத் தேங்காய் துருவுறதுக்குக் கூலியா?"ன்னு கேட்டாங்களாம். இரண்டாவது மாசம் வாங்கிட்டாங்க. இப்போ அந்தப் பணத்தில் ஒரு சீட்டு கட்டுறாங்க, தன் பேர்ல.

மணிக்கணக்கு போடுற எக்செல் ஷீட்டை இந்த வார வீடியோவில் படிப்படியா காட்டியிருக்கேன். பார்த்துட்டு உங்க எண்களைப் போட்டுப் பாருங்க. எண்ணைப் பார்த்துப் பயந்தீங்கன்னா பரவாயில்லை. ராஜினாமா செஞ்ச பிறகு பயப்படுறதைவிட அது மேல்.