"தலையை வலிக்கிறது, ஸார்!"

உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷங்களைக் கழித்துவிட்ட நாம் அடிக்கடி கேட்டிருக்கும் வாக்கியம் இது. கணக்குப் பரீட்சையன்று ஒரு பையன் இதைச் சொன்னால், "இது கணக்குத் தலைவலி!" என்று தீர்ப்புக் கூறி உட்கார வைப்பது நம் வழக்கம். அவ்விதம் நாம் உட்கார வைத்த ஒரு சிறுவனுக்குக் கரும்பலகையே சரியாகத் தெரியவில்லை என்பதைப் பல மாதங்களுக்குப் பின்னரே அறிந்தோம். மூக்குக் கண்ணாடி வந்தது, தலைவலி போயிற்று. நமக்கு வெட்கம் மட்டும் மிஞ்சியது.

நாம் கேட்கத் தவறியதைக் கேட்பதற்கென்றே அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு நர்ஸ் இருக்கிறார். 1902-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் நியூயார்க் நகரில், லிலியன் வால்டு என்னும் மாதரசியின் முயற்சியால், லீனா ராஜர்ஸ் என்ற நர்ஸ் நான்கு பள்ளிக்கூடங்களில் ஒரு மாதச் சோதனையாக நியமிக்கப்பட்டார். தொற்றுநோய்க்காக வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளைக் குணப்படுத்தி மீண்டும் வகுப்பில் சேர்ப்பதே அவர் நோக்கம். தலைவலி விஷயத்திலும் இன்று அதே நோக்கந்தான்.

வந்த குழந்தையை நர்ஸ் முதலில் நம்புகிறார். பிறகு விசாரிக்கிறார். வலி எப்பொழுது ஆரம்பித்தது? ஒரு பக்கமா, தலை முழுவதுமா? காலை ஆகாரம் ஆயிற்றா? தண்ணீர் குடித்தாயா? இரவு எத்தனை மணிக்குத் தூங்கினாய்? வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா? பட்டினி, தாகம், தூக்கக் குறைவு, பரீட்சைப் பயம் இவற்றில் ஏதேனும் ஒன்று பல சமயங்களில் அகப்பட்டுவிடுகிறது. பயத்தினால் வந்த வலியும் வலிதானே!

தண்ணீர், சிறிது ஆகாரம், நெற்றியில் ஈரத்துணி, இருட்டான அறையில் கொஞ்சம் ஓய்வு, பிறகு வகுப்பு. மருந்து கொடுக்க வைத்தியரின் உத்தரவும் பெற்றோரின் சம்மதமும் வேண்டும். ஒற்றைத் தலைவலிக்கு மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் பலன் அதிகம். ஆனால், வாரத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் வலி மாத்திரை விழுங்கும் பழக்கம் நீடித்தால், அதுவே தலைவலியை வளர்த்துவிடும்.

நர்ஸின் சிறந்த ஆயுதம் ஒரு குறிப்புப் புத்தகந்தான். வலி வந்த நாள், நேரம், முன்பு உண்டது, உறங்கியது எல்லாவற்றையும் குழந்தையே எழுதி வருகிறது. சில வாரங்களில் காரணம் தானே புலப்படலாம். வைத்தியருக்கும் அது நல்ல துணை.

சில தலைவலிகளுக்கு ஓய்வறை உதவாது. ஜுரத்துடன் கழுத்து விறைத்தாலும், தலையில் அடிபட்ட பின் வலி அதிகரித்தாலும், அதிகாலையில் வாந்தியுடன் வலி எழுப்பினாலும், திடீரென்று பொறுக்க முடியாத வலி கண்டாலும் உடனே வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

நம் பள்ளிக்கூடத்தில் நர்ஸ் இல்லாமற் போகலாம். கேள்விகள் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. பையன் பொய் சொல்கிறானா என்று யோசிப்பதற்கு முன், அவன் காலையில் சாப்பிட்டானா என்று கேட்போமே!